ஆண்டு அனுபவித்தல்: ஏரியும் சேரியும்



பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் படித்துப் பார்த்திருப்பீர்கள். நான்கெல்லை சொல்லி முடித்ததும் ஒரு வாய்பாடு வரும். மாவடை மரவடை, கிணறு, நிதி நிக்ஷேபம், ஜலம், பாஷாணம் என்று அடுக்கிக்கொண்டே போய், இவை யாவற்றையும் புத்திர பௌத்திர பாரம்பரியமாக, சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று முடியும். மரமும் தண்ணீரும் கல்லும் எழுத்தில் கைமாறுகிற இடம் அது. பத்திரம் எழுதுகிறவர் ‘அனுபவித்தல்’ என்ற சொல்லை ரசனை என்ற பொருளில் போடுவதில்லை. கைவசம் வைத்திருப்பது, பலன் எடுப்பது, வேண்டாதவரைத் தடுப்பது, இவ்வளவும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

இன்று இயற்கையை அனுபவியுங்கள், இயற்கையைக் காப்பாற்றுங்கள் என்று நாளிதழ்களின் இணைப்புகளும் பள்ளிக்கூடத்துச் சுவர்களும் சொல்கின்றன. அங்கே அதே சொல்லுக்கு வேறு பொருள். காலை நடை, ஏரிக்கரைக் காற்று, வலசை வரும் பறவைகளைப் பார்ப்பது. இரண்டு பொருளுக்கும் ஒரே சொல் இருப்பதைப் பற்றி நான் நெடுநாளாக யோசித்துவருகிறேன். முதல் பொருளில் எவரெல்லாம் ஒரு நீர்நிலையை அனுபவித்தார்களோ, அவர்களுக்குத்தான் இரண்டாவது பொருளிலும் அது தடையில்லாமல் கிடைத்தது. காப்பாற்றும் வேலையோ வேறு ஒருவர் தலையில் விழுந்தது. இன்றைய உரை அந்த வேறு ஒருவரைப் பற்றியது.

நாம் யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர், கூட்டத்தில் யாராவது பொதுவாகப் பேசினால், “எந்த ஊரு, எந்தக் கரை?” என்று குறுக்கே கேட்பார். அவர் கேட்டபடியே காடு, கடல், மலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. ஏரி நம் முன்னோர் அறிவின் சின்னம் என்று பேசாத சூழலியல் மேடை இல்லை. அந்த முன்னோர் யார் என்பதில்தான் பேச்சு கொஞ்சம் வழுக்கும்.

உத்திரமேரூரிலிருந்து தொடங்குகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அது இங்கிருந்து வந்ததுதான். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரிக்கென்றே தனியாக ஒரு வாரியம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பது உண்மையில் பெரிய செய்தி, அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவராக வர என்ன வேண்டும் என்பதையும் அதே கல் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். 35க்கு மேல் 70க்குள் வயது இருக்க வேண்டும். மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். வேதம் நன்றாகக் கற்றவராக இருந்தால் நிலத்தின் அளவில் சலுகை உண்டு. கரை கட்டத் தெரிந்தவருக்கோ, மதகின் ஆழம் அறிந்தவருக்கோ அப்படி ஒரு சலுகை கிடையாது. அது பிரமதேய ஊர், அங்கே அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சரி. வயிரமேக தடாகத்தில் சேறு வாரியவர்கள் மந்திர பிராமணம் படித்தவர்களா என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயில். முதலாம் இராசராசன் கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்தபோது, ஒவ்வோர் ஊரிலும் வரி கழிக்க வேண்டிய நிலத்தைப் பட்டியல் போட்டு வெட்டியிருக்கிறார்கள். ஊர் நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, தீண்டாச்சேரி. சுடுகாடும்கூடச் சில இடங்களில் தனித்தனியாக வருகிறது. நொபுரு கராஷிமா போன்றவர்கள் இந்தப் பட்டியலைக் கொண்டு சோழர் கால ஊரின் அமைப்பை விரிவாக ஆராய்ந்தார்கள். அதில் ‘தலைவாய்ச்சேரி’ என்று ஒரு பெயரும் வரும். தலைவாய் என்றால் வாய்க்காலின் தலைப்பு. அந்தத் தலைப்பைக் காத்து நீர் திறந்தவர்களின் குடியிருப்பு அது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நீரைக் காத்தவர்களுக்கும் ஊர் நத்தத்தில் இடமில்லை, சேரியில்தான் இடம். வாய்க்கால் ஊரை ஊடறுத்துப் போகலாம். அதை வெட்டியவர் போகமுடியாது.

எல்லாம் நம்மவர்கள் செய்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்துவிட்டான் என்று இன்னொரு கதை இருக்கிறது. பாதி உண்மை. ஏரிகளின் நிர்வாகம் ஊரை விட்டு அரசு அலுவலகத்துக்குப் போனதில் பல ஏரிகள் பாழாயின. ஆனால் சாதி ஒழுங்கைக் கும்பினி அரசு உடைத்துவிடவில்லை. அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தைப் பாருங்கள். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், அதிகாரி கேட்டவுடன் அக்கம்பக்கத்து ஊர்த் தலைவர், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்கள் அனைவரையும் வேலைக்கு அழைக்கலாம். கூலி உண்டு, மறுத்தால் தண்டனையும் உண்டு. கரை உடைந்தால் மூழ்கப்போவது ஆயக்கட்டுக்காரரின் நெல். மழையில், இருட்டில், மண்மூட்டையோடு கரைமேல் நிற்கக் கடமைப்பட்டவர்களோ ‘உழைக்கும் வகுப்பு’. அந்தச் சொல் எந்தத் தெருவைக் குறிக்கும் என்று எந்த ஊர்த் தலைவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

குடிமராமத்து என்றதும் ஊரே கூடி, ஆளுக்கொரு மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்குகிற ஒரு படம் நம் மனதில் வரும். சமூகவியல் வகுப்பில் ‘கிராம சமுதாயம்’ என்ற பாடத்தைப் படித்தபோது எனக்கும் அந்தப் படத்தைத்தான் காட்டினார்கள். டேவிட் மோஸ் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் ஒரு நூல் வெளியிட்டார். கண்மாய் என்பது ஒத்த மனதுள்ள ஊராரின் கூட்டுறவில் நடந்தது என்ற எண்ணத்தை அந்த நூல் ஆட்டங்காண வைத்தது. யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு முதல் தண்ணீர், யாருக்கு வேலை என்பவை ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. நீர் பாய்ச்சுவதும் பறையடிப்பதும் ஒரே பணியடுக்கில் இருந்தன. ஆகவே தலித்துகள் பறையைக் கீழே வைத்தபோது, மடைப்பலகையையும் பல இடங்களில் கீழே வைத்தார்கள். இதைச் சூழலியல்காரர்கள் ‘மரபறிவு அழிகிறது’ என்று வருத்தத்தோடு குறித்துவைக்கிறார்கள்.

அந்த மரபறிவு உள்ளவருக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு. நீர்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி, மடைக்குடும்பர். வருவாய்த் துறைக் கணக்குகளில் ‘நீர்கண்டி’ என்று தலையாரி, வெட்டியானுக்குப் பக்கத்தில் இருப்பார். பெரும்பாலான ஊர்களில் அவர் பறையர் அல்லது பள்ளர். இந்த இடத்தில் ‘மடை திறப்பவன்தான் மடையன், பிறகு அது வசைச் சொல்லானது’ என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். மேடையில் கைதட்டல் வாங்கும் செய்திதான். ஆனால் அந்த வசை மடமையிலிருந்து வந்தது என்பதே சரியாகப் படுகிறது. நம் வாதத்துக்கு இப்படிப்பட்ட ஊன்றுகோல் தேவையில்லை.

அவருடைய வேலை என்ன? மழைக்கு முன் வரத்து வாய்க்காலைப் பார்த்துவர வேண்டும். ஏரி நிரம்பும் நாட்களில் கரையில் நண்டு வளை, எலி வளை இருக்கிறதா, எங்கே கசிகிறது, எங்கே மண் உள்வாங்குகிறது என்று இரவு முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். பழைய குமிழித் தூம்பு உள்ள ஏரிகளில் நீருக்குள் மூழ்கித்தான் அடைப்பைத் திறக்க முடியும். திறந்த தண்ணீர் கடைமடை வயலுக்கும் போய்ச்சேர வேண்டும். தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பங்கு வைப்பதும் அவர்தான். அறுவடையில் களத்துமேட்டில் அவருக்கு இவ்வளவு கட்டு, இவ்வளவு நெல் என்று கணக்கு. ஆயக்கட்டில் நிலம் இல்லாதவரைத்தான் நீர்கட்டியாக வைப்பது பல ஊர்களில் வழக்கம். சொந்த வயல் இருந்தால் அதற்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவார், நிலமில்லாதவர் நடுநிலையோடு இருப்பார் என்று இதற்கு விளக்கம் தருவார்கள். இந்த ஏற்பாட்டை மெச்சி எழுதிய கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். நிலமில்லாமல் வைத்திருப்பதையே ஒரு தகுதியாக மாற்றிய சாமர்த்தியத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வாரியத்தில் உட்கார நிலம் வேண்டும், மடையில் நிற்க நிலம் இருக்கக் கூடாது.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஊரில், நீர்கட்டியாக இருந்து ஓய்ந்த ஒரு தாத்தாவிடம் ஒரு பிற்பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். ஏரியைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

“ஏரி ரொம்பிச்சின்னா எனக்குத் தூக்கம் கெடையாதும்மா. கலங்கல்ல தண்ணி வுழுவுற சத்தத்த வெச்சே எத்தினி அடின்னு சொல்லிடுவேன். ராத்திரில அந்தச் சத்தம் கேக்கணும் நீ. நெலா வேற இருந்திச்சின்னா வெள்ளி உருக்கி ஊத்துனா மாதிரி இருக்கும்.”

“நீங்க அந்த ஏரியில குளிப்பீங்களா தாத்தா?”

“நானா? மதகுத் தெறக்க எறங்குவேன், மூய்குவேன், ஏறுவேன். அது வேல. குளிக்கிற தொற ஊருக்காரங்களுது. எங்க வூட்டுப் பொம்பளைங்க அந்தப் படியில கால் வெச்சதில்ல. எங்குளுக்குக் கட கோடியில, மாடு கழுவுற எடத்துக்கு அந்தாண்ட.”

வேலைக்காக நீருக்குள் முழு உடம்பும் இறங்கலாம், குளிக்க இறங்கக் கூடாது. தீட்டு என்பது நீரின் வேதியியல் குணத்தைப் பற்றியதல்ல என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கலங்கல் சத்தத்தையும் நிலவையும் அவர் ரசித்திருக்கிறார். ஒடுக்கப்பட்டவருக்கு இயற்கை என்றால் பாடு மட்டும்தான், ரசனை அவருக்கு எட்டாது என்று நம்மில் சிலரே எழுதிவிடுகிறோம். அது தவறு. ரசிக்கத் தெரியாமல் ஒருவர் சத்தத்தை வைத்து நீரின் அளவைச் சொல்ல முடியாது.

ஏரிக்கரையிலிருந்து சேரிக்கு வருவோம். நம் தெருக்களில் மரம் குறைவு, பச்சை குறைவு என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் சொல்வதுண்டு. மரக்கன்றுகள் கொடுத்து நட்டுப் படம் எடுத்துக்கொண்டும் போகிறார்கள். இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாருக்கு முன்னுரிமை உண்டு என்று அந்த நிலத்தை அவர் கேட்டுப் பெற்றுவிட முடியும். குடிசை போட்ட மனையும்கூட பல இடங்களில் மிராசுதாரின் பிடியில் இருந்தது. கூலி போதவில்லை என்று வாயைத் திறந்தால் மனையைக் காலி செய்யச் சொல்லலாம். நாளைக்கு இந்த இடத்தில் இருப்போமா என்று தெரியாதவர் எந்த நம்பிக்கையில் தென்னம்பிள்ளை வைப்பார்? ஐந்தாறு ஆண்டு தண்ணீர் ஊற்றி, காய்க்கும்போது யார் பறிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் வந்த ஆணைதான் பஞ்சமி நிலம். பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள் மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. அதன் மொத்தப் பரப்பு 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. கொடுக்கப்பட்டது பெரும்பாலும் தரிசு. கல் பொறுக்கி, முள் வெட்டி, கிணறு தோண்டி அதை விளைநிலமாக்கியது நம் முன்னோரின் கை. சூழலியல் மொழியில் சொன்னால் தரிசு மீட்பு. மீட்ட பிறகு அது எப்படிக் கைமாறியது என்பது இந்த அவைக்குத் தெரியாததல்ல. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கத் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். இந்த நாட்டில் ஒரு துண்டு மண்ணைப் பேணுவதற்குக் கொடுக்கப்பட்ட விலை என்று அதையும் எழுதிவைக்க வேண்டும். சுற்றுச்சூழல் தியாகிகள் பட்டியலில் அந்தப் பெயர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

இனி நீருக்கான அரசியல். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம், மக்கள் கூடும் இடம் எதையும் எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசும் அதை ஏற்று ஆணை வெளியிட்டது. இன்று காலை நடைக்கென்று ஏரிக்கரையில் கல் பதித்துப் பாதை போடுகிறார்கள். அந்தப் பாதையில் எல்லாரும் நடக்கலாம் என்பதற்கு இந்த மாகாணத்தில் ஆணை வாங்கித் தந்தவர் சீனிவாசன் என்று ஒரு பலகை வைத்தால் குறைந்தா போய்விடும்?

அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே இதே போன்ற ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார். மகாட் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் ஊர்வலமாகப் போய் அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார்கள். குளத்தின் பெயர் சவ்தார். மராத்தியில் ‘சுவையான’ என்று பொருள். சுவையான தண்ணீர்க் குளம் என்று ஊரே கொண்டாடிய நீரின் சுவை எப்படிப்பட்டது என்று அந்த ஊரின் தீண்டப்படாதோருக்கு அன்றுவரை தெரியாது. மாடு குடிக்கலாம், மற்ற மதத்தார் எடுக்கலாம், இவர்கள் தொடக் கூடாது. குடித்து முடித்தபின் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் குளத்தில் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். ஒரு குடிநீர்க் குளத்தில் 108 குடம் சாணக் கரைசலைக் கொட்டியவர்கள் தூய்மையைக் காத்தவர்கள் ஆனார்கள். அதன்பின் பத்தாண்டுகள் வழக்கு. 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம், தீண்டப்படாதோரை விலக்கும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இருந்தது என்று மெய்ப்பிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது.

மகாட் எல்லாருக்கும் தெரியும். தௌலதாபாத் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1934இல் அம்பேத்கரும் தோழர்களும் சுமார் முப்பது பேர் வெரூளில் உள்ள எல்லோரா குகைகளைப் பார்க்கச் சுற்றுலா போனார்கள். போராட்டமும் இல்லை, மாநாடும் இல்லை. ஊர் சுற்றிப் பார்ப்பது மட்டும்தான் திட்டம். வழியில் தௌலதாபாத் கோட்டை. வண்டியில் வந்த புழுதி போக, வாயிலருகே இருந்த சிறு குளத்தில் முகமும் காலும் கழுவிக்கொண்டார்கள். ஒரு முதியவர் ஓடிவந்து, தீண்டாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சலிட்டார். அவர் முஸ்லிம், அது நோன்பு மாதம். கூட்டம் கூடிவிட்டது. வாய்ச்சண்டை அடிதடியாகாமல் தப்பியது. கடைசியில் கோட்டையைப் பார்க்க அனுமதித்தார்கள். உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு காவலரும் கூடவே நடந்தார். அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். அப்போது அவர் வெளிநாடுகளில் படித்து டாக்டர் பட்டங்கள் பெற்றவர், வட்டமேசை மாநாட்டுக்குப் போய்வந்தவர். துப்பாக்கிக் காவலோடு இயற்கை எழிலையும் பழங்காலக் கோட்டையையும் ரசித்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாமா? எனக்கு அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம், கோட்டையின் அழகு அவர் கண்ணில் பட்டிருக்குமா என்ற எண்ணம்தான் வருகிறது.

இதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டார் என்பதையும், மத்திய நீர்வழி, பாசன ஆணையம் 1945இல் அவர் துறையின்கீழ் வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன். குளத்தைத் தொடவிடாதவர்கள் நாட்டின் நதிகளையே அவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆவது உறுப்பின் இரண்டாம் உட்பிரிவைப் படியுங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் கூடும் இடம் என்று வரிசை வரும். சீனிவாசனின் தீர்மானத்திலும் போலேயின் தீர்மானத்திலும் இருந்த அதே பட்டியல் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது ஆறு, ஓடை, ஊற்று, தண்ணீர்க் குழாய், பொதுவளம் என்று அது இன்னும் நீண்டது. நம் நாட்டில் நீர்நிலையைப் பொதுச்சொத்து என்று முதலில் வாதாடிச் சட்டமாக்கியவர்கள் சாதி ஒழிப்பாளர்கள்.

சட்டம் வந்த பிறகும் ஏரியின் பலன் வேறு வழியில் பிடிபட்டிருந்தது. கண்மாய் மீன் ஏலம், கரை மர ஏலம், இவை ஊராட்சியின் வருமானம். யார் ஏலம் கேட்கலாம் என்று ஊர் முன்கூட்டியே முடிவு செய்திருக்கும். மேலூர்ப் பக்கத்து மேலவளவு ஊராட்சி 1996இல் தனித்தொகுதியானபோது எழுந்த எதிர்ப்பில், ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்காருவது மட்டும் உறுத்தவில்லை. பொதுச்சொத்தின் குத்தகை யார் கையெழுத்தில் போகும் என்ற கேள்வியும் அதில் இருந்தது. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மேலவளவை நாம் உள்ளாட்சி அரசியலாக மட்டும் படிக்கிறோம். அதற்குள் கண்மாயும் கிடக்கிறது.

அரசின் சீர்திருத்தங்களும் இந்த வரலாற்றைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 2000இல் வந்த விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களை அடிப்படையாக வைத்து அமைத்தது. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரிகளைத் தூர்வாரும் திட்டம் வந்தபோது பணிகள் அந்த ஆயக்கட்டுக்காரர்கள் வழியாகவே நடந்தன. ஏரிக்குள் புல் அறுக்கிறவர், மீன் பிடிக்கிறவர், கோரை அறுக்கிறவர், மாடு மேய்க்கிறவர், கரை காத்தவர் இவர்களில் எவருக்கும் நிலமில்லாததால் நாற்காலி இல்லை. கால் வேலிக் கணக்கு இன்னும் நடக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வயலுக்கு வருவோம். நடவு முடிந்த வயலில் நம் அம்மாக்கள் கூலியோடு மடி நிறையக் கொண்டுவந்தவை: ஆரைக்கீரை, பண்ணைக்கீரை, நத்தை, வயல் நண்டு. மழை பிடித்த மறுநாள் வாய்க்காலில் ஏறும் கெண்டையும் குரவையும். எந்தக் கீரை எந்த மண்ணில், எந்த மாதத்தில் வரும், எது பிள்ளை பெற்றவளுக்கு ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அது பஞ்சத்துத் தீனி என்று எழுதுகிறவர்கள் நத்தைக் குழம்பைச் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்தக் கீரைக்கும் புல்லுக்கும் வரப்பேறிப் போனவர்கள் வாங்கிய வசையும், சில நேரங்களில் அதைவிடக் கொடிய அத்துமீறலும் நம் பெண்களின் எழுத்தில் பதிவாகியுள்ளன. பசுமைப் புரட்சி வந்து மருந்து தெளித்ததும் அந்த நத்தையும் நண்டும் முதலில் போயின. தெளித்தவரும் நம்மாள்தான், நஞ்சைச் சுவாசித்தவரும் நம்மாள்தான், உணவை இழந்தவரும் நம்மாள்தான். மகசூல் கணக்கில் நத்தைக்கு ஒரு பத்தி கிடையாது. இன்று நகரத்து இயற்கை அங்காடியில் ஆரைக்கீரை கட்டுக்கட்டாக விற்கிறது. விலையைக் கேட்டால் அம்மா சிரிப்பாள்.

நகரத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த உழைக்கும் குடும்பங்கள், இவர்களில் பெரும்பகுதி நம் மக்கள், ஆற்றைச் சீரமைக்க வேண்டும் என்ற காரணம் காட்டிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டு கண்ணகி நகரில் தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. கொண்டுபோய் விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சுற்றுவட்டாரம். அந்தச் சதுப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. ஒரு நீர்நிலையைக் காப்பாற்ற அகற்றப்பட்டவர்கள் இன்னொரு நீர்நிலையின் தாழ்ந்த ஓரத்தில் அடுக்கி வைக்கப்பட்டார்கள். மழை வந்தால் முழங்கால் தண்ணீர். ஆக்கிரமிப்பாளர்கள் என்ற சொல் அவர்களைப் பின்தொடர்ந்து அங்கேயும் வந்துவிட்டது. அதே சதுப்பைச் சுற்றி எழுந்த உயரமான கட்டடங்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு எளிதில் ஒட்டுவதில்லை. பறவை பார்க்க ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கரணைக்கு வருகிற நண்பர்களிடம் ஒன்று கேட்பேன்: தொலைநோக்கியைக் கொஞ்சம் இறக்கி, பின்னால் தெரிகிற எட்டு மாடிகளின் ஜன்னல்களையும் பாருங்கள். அங்கே உள்ள பிள்ளைகள் நாமக்கோழியையும் நீலத் தாழைக்கோழியையும் தினமும் பார்க்கிறவர்கள். அவர்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் உங்கள் பட்டியல் நீளும்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது வெளியே தெரிந்தபோது, சூழலியல் அமைப்புகளிடமிருந்து வலுவான குரல் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆலைக் கழிவு ஆற்றில் கலந்தால் வருகிற குரல் வரவில்லை. அது சாதிப் பிரச்சினை, எங்கள் துறையல்ல என்று ஒரு நண்பர் சொன்னார். குடிநீர் மாசு எந்தத் துறை என்று நான் கேட்டேன். பதில் இல்லை.

நம் மன்றத்துக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உத்திரமேரூர்க் கல்லில் வாரியத்தாரின் தகுதிகள் அனைத்தும் இருக்கின்றன, மடையில் மூழ்கியவரின் பெயர் இல்லை. இன்று மிஞ்சியிருக்கும் நீர்கட்டிகளுக்கு எழுபதும் எண்பதும் வயது. அவர்கள் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போகவில்லை, போக வேண்டும் என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை. ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஒலிப்பதிவுக் கருவி நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. உங்கள் ஊர் ஏரியில் எத்தனை மதகு, எந்த மடைக்கு என்ன பெயர், அந்தப் பெயர் எப்படி வந்தது, கரை எந்த ஆண்டு உடைந்தது, அன்று இரவு யார் யார் கரைமேல் நின்றார்கள், எந்தத் துறையில் யார் குளித்தார்கள், யார் இறங்கவில்லை, முதன்முதலில் இறங்கியவர் யார், அவருக்கு என்ன நடந்தது, களத்துமேட்டில் நெல்லாகக் கூலி வந்த கடைசி ஆண்டு எது. அடுத்த ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஓர் ஊரின் பதிவோடு வாருங்கள்.